சீக்கிரம் வந்தவன்

மணி ஆறுகூட ஆகவில்லை. அவன் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

உள்ளே மனைவியும் மகளும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அட, இந்த வீட்டில் இப்படியெல்லாம் சிரிப்பார்களா?

பன்னிரண்டு வருடமாக அவன் ஒன்பது மணிக்கு முன்னால் வீடு திரும்பியதில்லை. மோட்டார் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்பும் பிரிவு. மேலாளர் தண்டபாணி கிளம்பாமல் யாரும் கிளம்பக் கூடாது. அவர் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அன்றைய லோடு கணக்குக்கு நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும்.

"ஏன் குறைஞ்சுது?"

அந்த மனுஷனுக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

போன வாரம் ஓய்வுபெற்றுப் போனார். சனி விட்டது.

புதிதாக வந்த ரெஜினா மேடம் இன்று ஐந்தரைக்கே எல்லோரையும் வீட்டுக்கு விரட்டிவிட்டார். வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. லாரிகள் எப்போதையும்விடச் சீக்கிரமாகவே போயிருந்தன.

அப்படியானால் அந்தப் பன்னிரண்டு வருடம் எதற்கு? ஆனாலும் வரும் வழியில் வண்டியை நிறுத்தி மகளுக்குத் தேங்காய் பன் வாங்கியிருந்தான்.

கதவைத் தள்ளினான்.

சிரிப்பு நின்றது.

மகள் சுபிக்ஷா டிவியை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, வேலை போயிருச்சுங்களா?" கோகிலவாணியின் முகம் வெளுத்திருந்தது.

"அதெல்லாம் இல்ல. இனிமே தெனமும் இந்நேரத்துக்கு வந்துருவேன்."

கோகிலவாணி மகளைப் பார்த்தாள்.

மகள் பையிலிருந்து கணக்குப் பரீட்சைத் தாளை எடுத்து நீட்டினாள். அவன் கேட்கவேயில்லை. தொண்ணூற்றிரண்டு.

"எட்டு மார்க்கு கவனக்குறைவுங்கப்பா. அடுத்த தடவ குறையாதுங்க."

தண்டபாணியின் முன்னால் அவன் எப்படி நிற்பானோ, அப்படியே நின்றாள். யாரிடம் கற்றுக்கொண்டாள்? தினமும் ஒன்பது மணிக்கு அவளை நிற்கவைத்து அதே கேள்வியைக் கேட்டவன் அவன்தானே.

"உக்காரு சாமி."

உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில்.

பன்னை யாரும் தொடவில்லை.

மறுநாளும் அப்படியே. டிவி அணைந்தது, அவள் எழுந்தாள். மூன்றாம் நாளும் அதேதான். ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறந்தாலே இரண்டு பேரும் பதில் தேடத் தொடங்கினார்கள்.

நான்காம் நாள் அவன் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. பேக்கரியில் டீ சொல்லிவிட்டு மனைவிக்குப் போன் போட்டான்.

"இன்னைக்கு வேல இருக்குது. வர ஒம்பதாயிரும்."

ஐயோ, அதெல்லாம் வேண்டாம், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா?

எத்தனையோ வருடமாக அவள் அவனிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

"சரிங்க, சரிங்க. மெதுவாவே வாங்க."