கடைசி லாமிங்டன்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் நல்ல மழை. பேய் மாளிகை விளையாட்டுக்கு டெஸ்மண்ட் தன்னோடு சேர்த்து நால்வருக்கும் அட்டைகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்கு மட்டும் ஆவி அட்டை. கடைசிவரை பிடிபடாத ஆவிக்கு, தட்டில் மிஞ்சிய ஒரே லாமிங்டன் கேக்.

"முழியைப் பாருங்க, கீத்துதான் ஆவி!" என்றாள் தோழி பெரில்.

விளையாட்டு விதிப்படி, நண்பர் கீத்தைப் பேய் மாளிகையின் உலையில் தள்ளினார்கள். அட்டையைத் திருப்பினால், பாவம், மனிதர். அடுத்து வெந்த பெரிலும் மனுஷிதான்.

எஞ்சியவர்கள் டெஸ்மண்டும் மனைவி மேவிஸும்.

"அடிப்பாவி, நீயா? பொய் சொன்னா உனக்குக் காது செவக்குமே! இவ்வளவு நேரம் செவக்கவே இல்லையே!"

"நானேதான்!" மேவிஸ் லாமிங்டனை வாயில் போட்டுக்கொண்டாள்.

வயிறு வலிக்கச் சிரித்தபடி டெஸ்மண்ட் அட்டைகளை எடுத்துவைக்க விளையாட்டுப் பெட்டியைத் திறந்தார். உறைகூடப் பிரிக்காமல் உள்ளேயே கிடந்தது ஆவி அட்டை.

நிமிர்ந்து பார்த்தார். மேவிஸின் காதுகள் செக்கச்செவேலென்று இருந்தன.