பேர் மாற்றும் சடங்கு

"உங்க அம்மாகிட்ட சொன்னியா, இல்லையா?"

லவீனா கேட்டதும் மயூருக்கு இருமல் வந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"சொல்லணும்னுதான் போனேன். அம்மா அப்பளம் சுட்டுட்டு இருந்தாங்க."

"அப்பளம் சுட்டா காது கேக்காதா?"

"நல்ல மூட்ல இருந்தாங்க. எதுக்குக் கெடுக்கணும்னு..."

நல்ல மாப்பிள்ளைதான், என்ன செய்வது!

விஷயம் இதுதான். மும்பை பக்கத்து உல்லாஸ்நகர் சிந்திக் குடும்பங்களில் கல்யாணம் முடிந்து மருமகள் வீட்டுக்கு வந்ததும் புரோகிதர் ஓர் எழுத்து சொல்வார். அந்த எழுத்தில் மாப்பிள்ளை வீட்டார் அவளுக்குப் புதுப் பேர் வைப்பார்கள். பழைய பேர் அன்றோடு சரி. இப்போது பல வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள். மயூரின் அம்மா காஞ்சன் விடுகிற ரகம் இல்லை.

லவீனாவுக்கு அவள் பேர் உயிர். அந்தப் பேரில்தான் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினாள், பரிசும் வாங்கினாள், மயூரைக் காதலித்ததும் அந்தப் பேரில்தான். திடீரென்று கழற்றிக் கொடு என்றால் எப்படி?

இவனை நம்பினால் ஆகாது என்று அவளே மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, என் பேரு லவீனாவாவே இருக்கட்டுமே."

"எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை. ஒரு சடங்கைக்கூட நான் விடமாட்டேன்மா" என்றாள் காஞ்சன். போனை வைத்துவிட்டாள்.

சொன்னபடியே செய்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மயூர் தலையில் எண்ணெய் ஊற்றினார்கள். காலால் மண்சட்டியை உடைக்க வைத்தார்கள். கண் திருஷ்டி போக, சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அவன் சட்டையைக் கிழித்தார்கள். முதலில் கை வைத்தது பெற்ற தாய்.

"புதுச் சட்டை லவீனா" என்று போனில் அழாத குறையாகச் சொன்னான்.

"சட்டைதானே கிழிஞ்சுது. பேரு கிழியலையே" என்றாள் அவள்.

மறுநாள் அக்னியைச் சுற்றி வந்தாயிற்று. மாமியார் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் நிரம்பி வழிந்தது. அடுத்தது உப்புச் சடங்கு. மருமகள் இரண்டு கை நிறைய உப்பை அள்ளி மாமியார் கையில் கொட்ட வேண்டும். மாமியார் திருப்பிக் கொட்டுவாள். கீழே சிந்தக் கூடாது. லவீனா கோபத்தில் விரலை விரித்தபடியே உப்பை அள்ளினாள்.

"விரலைச் சேர்த்துப் பிடி" என்றாள் காஞ்சன், உதடு அசையாமல். "சிந்தினா என் நாத்தனார் அடுத்த கல்யாணம் வரைக்கும் இதையே பேசுவா."

நாத்தனார் சரளா முன்வரிசையில்தான் இருந்தாள். ஒரு கல் உப்பும் சிந்தாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"மஹராஜ், பேருக்கு எழுத்து சொல்லுங்க" என்று புரோகிதரிடம் சொன்னாள் காஞ்சன்.

புரோகிதர் பஞ்சாங்கத்தைத் தொடவே இல்லை. காஞ்சனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ப" என்றார்.

லவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்!

ஆளாளுக்கு ஏலம் விட ஆரம்பித்தார்கள்.

"பூஜா!"

"பல்லவி நல்லா இருக்குமே!"

"பிங்கின்னு வைங்க" என்றார் மாமனார் லேக்ராஜ்.

"அண்ணா, அது எதிர் வீட்டு நாய்" என்றாள் சரளா.

மயூர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"யாரும் கஷ்டப்பட வேண்டாம்" என்றாள் காஞ்சன். "நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். பகவந்தி."

கூடமே சிரித்தது. லேக்ராஜும் சேர்ந்து சிரித்தார்.

"என்ன அண்ணி இது! பிரிவினையில சிந்துலேர்ந்து மூட்டை கட்டிக்கிட்டு வந்த காலத்துப் பேரு!" என்றாள் சரளா. "இந்தக் காலத்துப் பொண்ணுக்கு இதையா வைப்பாங்க?"

லவீனா எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க அத்தை. எங்கப்பா எனக்கு ஒரு பேரு வச்சிருக்காரு. அது உங்க வீட்டுக்கு ஆகாதுன்னா நான் இப்பவே கிளம்பறேன்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"வந்து ஒரு மணி நேரம் ஆகல, வாயைப் பாரு" என்றாள் சரளா.

மயூர் மின்விசிறியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

"உட்காரும்மா" என்றாள் காஞ்சன். குரலில் கோபம் இல்லை. "உனக்குன்னு நான் எப்ப சொன்னேன்? நீ லவீனாதான். கல்யாணத்துல ஒரு பேரு மாறணும்ங்கறதுதானே வழக்கம்? என் பேரு மாறட்டும். இன்னியிலேர்ந்து எல்லாரும் என்னைப் பகவந்தின்னு கூப்பிடுங்க."

லவீனா நின்றபடியே மாமியாரைப் பார்த்தாள்.

"ஏன் காஞ்சன், இந்த வயசுல உனக்கு எதுக்குப் புதுப் பேரு?" என்றார் லேக்ராஜ்.

"புதுசு இல்லைங்க. காஞ்சன்ங்கறது கல்யாணம் முடிஞ்சு வந்ததும் உங்க அம்மா வச்ச பேரு. நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது பகவந்தியை."