காதில் புது வெட்டு

இந்தக் காலத்தில் எதற்கும் ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. ஐஸ்லாந்தின் மலையையும் பழைய வழக்கத்தையும் பார்க்கிறோம் என்று எங்கள் ஆட்டுப்பட்டிச் சுவரிலேயே ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். கோடையெல்லாம் மலையில் மேய்ந்த ஆடுகளை ஓட்டிவந்து, காதில் அடையாளத்துக்குப் போட்ட வெட்டைப் பார்த்து அவரவர் பட்டியில் தள்ளுகிற நாள் அது. வீட்டுக்கு வீடு வெட்டு வேறு.

சுற்றுலா வந்த பெண் ஒருத்தி ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, இது யாருது?" என்றாள்.

காதைத் தடவினேன். எங்கள் ஊர்க்காரி சால்வோர் வீட்டு வெட்டு. அவள் தம்பி இங்வார் ஆடு தேடி மலைக்குப் போய்த் திரும்பாமல் இருபது வருஷமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆடே கிடையாது. இதுவோ இந்த வசந்தத்தில் பிறந்த குட்டி.

"எவனோ விளையாடியிருக்கான்" என்றேன். "கேக்க ஆளில்லேன்னா கசாப்புக்குத்தான்."

சால்வோர் வந்து பார்த்தாள். "வெட்டு சாஞ்சிருக்கு பாருங்கண்ணே. அவன் இடதுகைக்காரன்."

"ஊர்ல இடதுகைக்காரனுக்கா பஞ்சம்?"

"நீங்க உங்க நிழலையே நம்ப மாட்டீங்க. விடுங்க, இது எங்க குட்டி."

சேற்றில் உட்கார்ந்து, "அவன் ஒழுங்கா சாப்பிடுறானா?" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டாள்.

மலையில் பிறந்த குட்டி ஆளைக் கண்டால் ஓடும். இது அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது.

களைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு நான் என் ஆடுகளைப் பார்க்க நடந்தேன்.