கடைசிப் பாகத்தில் தோசை

வீடியோவை மூன்றாவது முறையாகப் பின்னால் தள்ளினாள்.

தோசை வரவில்லை.

செல்போன் தண்ணீர்ச் செம்பில் சாய்ந்து நின்றது. திரையில் அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தொடர். பதின்மூன்றாம் பாகம், கடைசிப் பாகம். கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் கோடு கோடாக ஓடியது. யாரோ ஒரு புண்ணியவான் நேற்றுத்தான் யூடியூபில் ஏற்றியிருந்தான்.

முப்பத்தாறு வருடமாக அவள் இதற்குத்தான் காத்திருந்தாள்.

முதல் பன்னிரண்டு பாகங்களும் அவளுக்கு அத்துப்படி. போன வாரம் முழுக்க உட்கார்ந்து மறுபடியும் பார்த்திருந்தாள். இரண்டாம் பாகம் இழுவை. ஐந்தாம் பாகத்தில் நாயகி தேவைக்கு மேல் அழுகிறாள். எட்டாம் பாகத்தில் வரும் அத்தைக்கு நடிக்கத் தெரியாது, அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கடைசிப் பாகம் மட்டும் தங்கம்.

இதில் அவளோடு யாரும் வாதாட முடியாது. தோசைக் காட்சி என்று ஒன்றே அதில் கிடையாது என்று ஆபீசில் ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். நீ பாதியில் தூங்கியிருப்பாய் என்று இவள் அவளுடைய வாயை அடைத்துவிட்டாள்.

அந்தத் தங்கத்தை அவள் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

கடைசிப் பாகம் ஒளிபரப்பான அன்று அவள் டிவி முன்னால் உட்காரவும் விருந்தாளிகள் வரவும் சரியாக இருந்தது. ஏழு பேர். ஆள் வந்திருக்கும்போது டிவி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மாமனார் அணைத்துவிட்டார். அவள் அடுப்படிக்குப் போய் ஏழு பேருக்கும் தோசை சுட்டாள்.

அப்போது கல்யாணமாகி ஒன்பது மாதம். பீரோவில் சேலைக்கு அடியில் ஒரு ஆர்டர் இருந்தது. தபால் ஆபீஸ் வேலை. பக்கத்து ஊர். சேருவதற்கு இன்னும் நான்கே நாள். நம் வீட்டுப் பெண் பஸ் ஏறிப் போய் வேலை பார்ப்பதா என்று மாமனார் ஒரே பேச்சில் முடித்திருந்தார். கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சுபாவம் அது.

தொடரில் வரும் நாயகிக்கும் ஒரு ஆர்டர் வந்திருந்தது. அவளுக்கும் ஒரு மாமனார் இருந்தார். அவள் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதோடு பன்னிரண்டாம் பாகம் முடிந்திருந்தது.

அவள் போனால் நானும் போவேன்.

இதைச் செல்லக்கனியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். செல்லக்கனி எதிர்வீடு. இவள் வயதுதான். அந்த வீட்டில் டிவியை யாரும் அணைக்க மாட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் பால் பூத்தில் அவளைப் பிடித்தாள்.

"போனாளா?"

செல்லக்கனி தன் முறை வந்து பால் வாங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் நடுத்தெருவில் நடித்தும் காட்டினாள்.

நாயகி தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள். மாமனார் அடுப்படி வாசலில் நின்று சத்தம் போடுகிறார். அவள் கரண்டியைக் கீழே வைக்கிறாள். அடுப்பை அணைக்கிறாள். குரலை உயர்த்தாமல் சொல்கிறாள்.

"மாவு இருக்கு, கல்லு இருக்கு, வேணுங்கிறவங்க சுட்டுக்கிடலாம். எனக்குக் காலையில ஆறரைக்கு பஸ்ஸு."

இரண்டு நாள் கழித்து, ஒரு சாயங்காலம், அதே சொற்களை அவள் தன் மாமனாரிடம் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கரண்டியையும் அதே மாதிரி கீழே வைத்தாள், அடுப்பையும் அணைத்தாள்.



கொஞ்ச நேரம் கழித்து, எதுவும் சொல்லத் தெரியாத கணவர் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தார். அவர் சுட்ட முதல் தோசை பிய்ந்துபோனது. அதை அவரே சாப்பிட்டார்.

போன மாதம் அவள் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றாள்.

இப்போது திரையில் நாயகி ஆர்டரை நாலாக மடித்தாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். மாமனாருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துச் சிரித்தாள்.

சுபம்.

தோசையும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

எப்படி இருக்கும்? அந்த வீட்டில் சமையல்காரர் இருந்தார். வாசலில் கார் நின்றது. முதல் பாகத்திலிருந்தே நின்றது. இத்தனை வருடம் இது தன் புத்தியில் உறைக்கவில்லையே என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓசூரில் மகன் வீட்டில் இருக்கும் செல்லக்கனிக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, கடைசிப் பாகம் பாத்துட்டேன். அதுல தோசையே இல்ல."

எதிர்முனையில் ஒரு கனைப்பு.

"அந்தக் கதை எழுதுனவருக்கு உன் மாமனாரத் தெரியாதுல்லா. எனக்குத் தெரியும்லா."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒருமுறை அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"சரி, வைட்டி. குக்கர் சத்தம் போடுது" என்று செல்லக்கனி வைத்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து கணவர் தட்டோடு வந்தார். வட்டமான, ஓரம் முறுகிய தோசை. முப்பத்தாறு வருடப் பழக்கம்.

"முடிஞ்சிட்டா? கடைசியில அந்தப் பிள்ள என்ன செஞ்சா?"

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். தோசையின் முறுகலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆறரை பஸ்ஸுல போயிட்டா" என்றாள்.