கொட்டிய கறி

வீட்டுக்குள் நுழைந்த மருமகள், மேசையிலிருந்த கோழிக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீஸ் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

முழுகாமல் இருக்கும் நாத்தனார் தட்டில் கையை வைத்தபடி விழித்தாள். அம்மா கைச் சமையலுக்கு ஏங்கித்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள். இன்னும் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

மாமியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அந்தக் கைப்பக்குவம்தான். சமைக்கும்போது ஒருத்தரையும் அடுப்படிப் பக்கம் அண்டவிட மாட்டாள்.

"அண்ணி, என்ன காரியம் பண்றீங்க?"

"கறி கெட்டுப்போச்சு. காலையில பிரிட்ஜ் சுவிட்சை நான்தான் மறந்து அணைச்சிட்டேன்."

கணவன் சும்மா விடுவானா? ஒரு சுவிட்சைப் பார்க்கத் துப்பில்லை, கால் கடுக்க நின்று அம்மா சமைத்ததைக் கொட்ட மட்டும் தெரிகிறது என்று பொரிந்து தள்ளினான். நாத்தனார் தன் பங்குக்கு மூக்கை உறிஞ்சினாள். யார் பார்த்திருந்தாலும், இப்படியும் ஒரு மருமகளா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அவள் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு முட்டை வேகவைக்கப் போனாள்.

மாமியார் பின்னாலேயே வந்து அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"பிரிட்ஜ் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எதுக்குப் பொய் சொன்னே?"

மருமகள் செல்போனை நீட்டினாள். தெருமுனை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து செய்தி வந்திருந்தது. அவர்கள் விற்ற, சூடாக்கிச் சாப்பிடும் கோழிக்கறி டப்பாக்களில் கிருமி இருக்கலாமாம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாதாம்.

படித்து முடித்த மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தன் மகளுக்குத் தானே அல்லவா அதைப் பரிமாறியிருந்தாள்!

"கத்தியைப் பிடிச்சா கை நடுங்குதும்மா. வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் டப்பா வாங்கிச் சட்டியில கொட்டி..." என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ரொம்ப நாளாத் தெரியும், அத்தை," மருமகள் சிரித்தபடி முட்டையை அடுப்பில் வைத்தாள். "உங்க பிள்ளை கண்ணுல டப்பா படறதுக்கு முன்னாடி குப்பையைக் கட்டி எடுத்துட்டுப் போறது யாருன்னு நினைச்சீங்க?"