வாத்தின் மேல் ஒரு புகார்

“எந்தப் பக்கமிருந்து வந்து அடிச்சுதுங்க ஐயா?”

இடது கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். “பின்னாலேர்ந்துங்க மேடம். ஏரிக்கரையில நடந்துட்டிருந்தப்ப இறக்கையால ஒரே போடு. நிலை தடுமாறி விழுந்துட்டாரு.”

ஏரிப் பராமரிப்பு அதிகாரி படிவத்தில் எழுதிக்கொண்டாள். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் வாத்தம்மா.

எங்கிருந்தோ வந்து ஏரியை வளைத்துப் போட்ட வெளிநாட்டு வாத்துகள் பெருகாமலிருக்க, மூன்று வருடமாகக் கூடு கூடாகத் தேடிப்போய் முட்டைகளில் எண்ணெய் தடவி வருகிறாள். தடவினால் குஞ்சு பொரிக்காது; எதையும் கொல்லவும் வேண்டாம். வாத்துகள் குறையவில்லை என்று நடக்க வருகிறவர்களும் திட்டுவார்கள், முட்டையைக் கெடுக்கிறாள் என்று தீனி போடுகிறவர்களும் திட்டுவார்கள்.

ஆனால் மனிதருக்கு எலும்பு முறிந்துவிட்டால் விதி வேறு. கூட்டத்தையே அழித்துவிட வேண்டும்.

“காயத்தைப் பார்க்கலாமா?”

சட்டையை மெல்ல விலக்கினாள். கட்டுக்கு மேலே, புஜத்தில், வரிசையாக நான்கு நீலத் தடங்கள்.

“இது எப்படி?”

“கொத்தியிருக்கும்” என்றான் மகன். “சனியனுங்களை எப்பதான் ஒழிச்சுக் கட்டுவீங்க?”

“நாளைக்குக் காலைல. இப்ப இறகு உதிர்ற காலம், அதுங்களால பறக்க முடியாது. வலை கட்டி ஓட்டினா எல்லாம் உள்ள வந்துடும்.” சொல்லும்போது அவள் படிவத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெரியவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். “எத்தனை இருக்கும்மா?”

“நாப்பத்திரெண்டு.”

“அத்தனையுமா?”

“உங்களுக்கு எதுக்குப்பா அந்தக் கணக்கெல்லாம்? கையெழுத்தைப் போடுங்க.” மகன் பேனாவை அவர் வலது கையில் திணித்தான்.

பேனா முனை காகிதத்தில் பட்டு அப்படியே நின்றது. வலி தாங்காமல்தான் நிறுத்திவிட்டார் என்று நினைத்த அதிகாரி, படிவம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மகனின் செல்போன் அலறியது. “சீக்கிரம் போட்டுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான்.

செருப்புச் சத்தம் படியிறங்கித் தேயும்வரை பெரியவர் காத்திருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பற்றினார். அவர் கண்கள் வாசலிலேயே இருந்தன.

“அதுங்கள விட்டுடும்மா… அன்னிக்கு நான் வீட்டை விட்டே வெளிய போகல.”