அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம்

"அம்மாவுக்கு அந்தக் காலத்துப் படம்னா உயிரு. இதைக் கறுப்பு வெள்ளையா மாத்திக் குடுங்கம்மா" என்று கேமராவின் மெமரி கார்டை நீட்டினார் வந்தவர்.

ஸ்டூடியோக்காரி படத்தைக் கணினியில் திறந்தாள். நாற்காலியில் ஒரு வயதான அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். முகமும் கண்களும் மஞ்சளாகத் தெரிந்தன.

"கேமரா கோளாறு சார். கலர்லயே சரி பண்ணிடலாமே?"

"வேண்டாம், கறுப்பு வெள்ளைதான் அழகு."

மாற்றினாள்.

"கண்ணு மங்கலா இருக்கே, பளிச்சுனு ஆக்குங்க."

கலரில் மஞ்சளாக இருந்த இடங்களை மட்டும் அவள் வெளிச்சமாக்க, கண்கள் பாலாக வெளுத்தன.

"அடடா! பத்து வயசு குறைஞ்சிடுச்சே!"

இப்படி ஒரு பிள்ளையா என்று அவளுக்கு மனம் நிறைந்தது.

அவருடைய கைப்பேசி அடித்தது. "அம்மா நல்லாத்தான் இருக்காங்க. இன்னிக்கு எடுத்த போட்டோவே வருது, பாரு. லீவு போட்டுட்டு ஓடி வராதே."

வைத்துவிட்டுச் சிரித்தார். "என் தங்கச்சி. கலர்ல பாத்தா மஞ்சக் காமாலைன்னு கண்டுபிடிச்சிடுவா. ஆஸ்பத்திரிக்கு யாரு அலையறது? இங்கேருந்தே அவளுக்கு அனுப்பிடுங்க" என்று எண்ணைச் சொன்னார்.

அவள் கலர் படத்தை மறுபடி பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் இருந்த சுவர் சுத்த வெள்ளையாக இருந்தது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. அவர் சொன்ன எண்ணைத் தட்டினாள்.

"அனுப்பியாச்சு" என்றாள், அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்.

அனுப்பியது கலர் படத்தை. கீழே, 'உடனே புறப்பட்டு வாங்க' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.